பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய சாரை

பாரிஸ் லாச்சப்பலில் நிறம் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோரும் சும்மா கண்ணை வைத்திருந்தோம்.

அவரைச் சாரை அண்ணை என்போம். சொந்தப் பெயர் விசாக் கடுதாசியில் இருந்தது. கடுதாசி விசா கொடுக்கும் பிரெஃபெக்சரில் கிடந்தது. அதனால் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

வேலை, சீலைக் கடையில் சீலை மடிப்பது. வீட்டுக்கு வந்தால் பாம்பு வளர்ப்பது. மார்க்ஸ் டோர்மோயில் ஒரு வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணை, மன்னார்ச் சவிரியான், நான். பாம்புகள் ஐந்து. வீட்டில் பெரும்பான்மை அவர்கள்தான்.

ஊர்ச் சாரை இல்லை. அமெரிக்கச் சாரை. விசம் கிடையாது. பெருவிரல் தடிப்பு. குணத்தில் சவிரியானைவிடச் சாது. ஊர்ச் சாரைக்கு ஒரு நிறம்தான். இது பல நிறத்தில் வரும். வெள்ளைக்காரர் ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள். அண்ணை சீலைக் கடைப் பெயர் வைத்தார். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெங்காயத்தோல், சாம்பல். கடைசியாக அரக்கு.

அவற்றின் சாப்பாடு எங்கள் பிறீசரில் இருந்தது. குட்டி எலி. ரோமம் முளைக்காதது. உறைந்தால் உரித்த இறால் மாதிரியே இருக்கும். சவிரியான் ஒரு சனிக்கிழமை அந்தப் பையை எடுத்துத் தண்ணீரில் போட்டு, கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்துவிட்டான். சட்டியை அடுப்பில் வைத்த பிறகுதான் ஒன்றுக்குக் கால் இருப்பதைக் கண்டான். அவன் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

அண்ணை ஓடி வந்து சட்டியைப் பார்த்தார்.

"எடேய், என்ன வேலை செய்துபோட்டாய்! மஞ்சள் மணத்தோடை பிள்ளையள் உதைச் சாப்பிடுங்களோ?"

"அண்ணை, நான் சாப்பிட்டிருப்பன் அண்ணை!"

"நீ எதையும் சாப்பிடுவாய். அதுகளுக்கு வாய் இருக்கு."

சவிரியான் ஒரு மாதம் இறால் தொடவில்லை. பாம்புகள் மஞ்சள் போட்டதையும் சாப்பிட்டன.

ஞாயிறு காலை அண்ணைக்குத் திருநாள். குளித்து, சேட் மாற்றி, ஒரு பாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கித் தெருவாசலுக்குப் போவார். கடையில் சீலையை வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது போலத்தான். முழங்கையில் தொங்கவிட்டு வெய்யிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"லைட்டிலை பாக்கிறது நிறமில்லையடா. லைட் பொய் சொல்லும். பகல் வெளிச்சம்தான் உண்மை."

ஒரு ஞாயிறு கீழ்வீட்டு மதாம் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தா. அண்ணையின் கையில் கத்தரிப்பூ. மதாம் அதைக் கழுத்துத் துண்டு என்று நினைத்துவிட்டா. நல்ல வடிவு என்று சொல்லித் தடவியும் பார்த்தா. துண்டு நாக்கை நீட்டியது. பாண் ஒரு பக்கம், மதாம் ஒரு பக்கம். அண்ணை பாணை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மதாம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, எட்டி நின்று, இன்றைக்கு என்ன நிறம் என்று கேட்டா.

இனி அரக்கின் கதை.

மற்ற நாலையும் அண்ணை பார்த்த உடனே வாங்கினார். அரக்கை வாங்கும்போது அது அரக்கே இல்லை. மங்கிப்போன செங்கல் நிறத்தில் ஒரு குட்டி. வளர வளரச் சிவக்கும் என்று விற்றவன் சொன்னான். அண்ணை நம்பினார். கிழமைக்கு ஒருமுறை ஜன்னலடியில் வைத்துப் பார்ப்பார். "கொஞ்சம் ஏறியிருக்கு" என்பார். எனக்கு ஒன்றும் ஏறினதாகத் தெரியாது.

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, அப்போது வன்னியில். கலியாணம் கட்டி நாற்பது நாள் ஒன்றாக இருந்தவர்கள். பிறகு பதினொரு வருசம் போனில்தான். அவவைக் கூப்பிட அண்ணை கடுதாசி போட்டிருந்தார். மூன்று வருசத்தில் பாம்புக்கு நிறம் வந்துவிட்டது. மனைவிக்கு விசா வரவில்லை.

தினமும் போனை றைஸ் குக்கரில் சாய்த்து வைத்துக் கதைப்பார். கேட்பது ஒரே கேள்விதான்.

"சாப்பிட்டனீரோ?"

பாம்பு வளர்ப்பதை மட்டும் சொல்லவில்லை. அவவுக்குப் பாம்பென்றால் உயிர் போகும். ஒருநாள் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கதிரையில் மாம்பழ மஞ்சள் ஏறிப் படுத்துவிட்டது. நான் கண்டேன். சொல்லுமுன் அக்காவும் கண்டுவிட்டா.

"இஞ்சாருங்கோ, பின்னாலை ஆற்றை சீலை?"

அண்ணை திரும்பினார்.

"ஆற்றை சீலையெண்டு கேக்கிறன்! ஆரவள்?"

சவிரியான் காதுக்குள் சொன்னான். "அண்ணை, சீலையெண்டே சொல்லுங்கோ. பொம்பிளையெண்டா மன்னிப்பா. பாம்பெண்டா மன்னிக்கமாட்டா."

அந்த நேரம் பார்த்துச் சீலை கதிரையை விட்டு இறங்கி நடந்தது.

மூன்று நாள் அக்கா போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் ஒரு வசனம்தான் சொன்னா. "பாம்பு இருக்கிற வீட்டுக்கு நான் பிளேன் ஏறமாட்டன்."

அடுத்த மாசம் விசா வந்துவிட்டது.

அண்ணை ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் வீடு எடுத்தார். பாம்புகளுக்கு ஆள் தேடினார். மாப்பிள்ளை பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வந்தவனை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து விசாரிப்பார். நான்தான் மொழிபெயர்ப்பு. என் பிரெஞ்சு சமையல்காரரிடம் பொறுக்கிய குசினிப் பிரெஞ்சு.

"வீட்டு ஜன்னல் எந்தப் பக்கமெண்டு கேள். வெய்யில் வருமோ?"

ஒருவன் நல்ல பொடியன். எல்லாம் சரி. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அண்ணை அனுப்பிவிட்டார்.

"நிறம் பாக்கத் தெரியாதவனுக்கு நிறம் ஏன்?"

நாலு போனது. அரக்குக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. பிளேன் வர இரண்டு நாள் இருக்கும்போது அண்ணை என்னைப் பார்த்தார்.

"உன்ரை கண் சுமார்தான். எண்டாலும் நீ கதவைத் திறந்துவிட்டுட்டுப் போற ஆளில்லை."

எனக்கு இந்த நாட்டில் ஒருவரும் அதற்குமேல் நற்சாட்சி தந்ததில்லை. வாங்கிக்கொண்டேன்.

அண்ணை போய்விட்டார். சவிரியானும் திரான்சியில் தமக்கை வீட்டுக்குப் போனான். நானும் அரக்கும் மிச்சம்.

ஞாயிறு பதினொரு மணிக்குப் போன் வரும். அண்ணை பல்கனியில் நின்று கதைப்பார். குரல் மிகச் சின்னதாக இருக்கும்.

"அவளைக் காட்டு."

கண்ணாடிப் பெட்டிக்கு நேரே போனைப் பிடிப்பேன்.

"சாப்பிட்டவளோ?"

"ஓம்."

"தோல் கழட்டிட்டாளோ? முழுசா வந்ததோ?"

"முழுசா வந்தது."

பிறகு ஒன்றும் கேட்கமாட்டார். பார்த்துக்கொண்டு நிற்பார். என் கை உளையும். பதினொரு வருசம் மனைவியைப் போனில் பார்த்தவர், மனைவி வந்து சேர்ந்ததும் பாம்பைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

மூன்றாம் மாதம் பிடிபட்டார். போனில் திடீரென்று அக்காவின் முகம்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். ஆரவள்? ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டவளோ, சாப்பிட்டவளோ எண்டு உருகிறார்."

பின்னால் அண்ணை கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். எனக்குப் பொய் சொல்ல வராது. கதைக்கவும் வராது. போனைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன்.

உடனே கட் பண்ணுவா என்று நினைத்தேன். பண்ணவில்லை.

"தம்பி, உந்த லைட்டை நிப்பாட்டும். அதை ஜன்னலுக்குக் கிட்டக் கொண்டுபோம். வெளிச்சத்திலை பாக்கவேணும்."

எடுத்தேன். அண்ணை தொங்கவிடுவது போல முழங்கையில் விட்டேன். அன்று நல்ல வெய்யில். முதுகு அரக்கு. வயிற்றோரம் கொஞ்சம் பொன் மாதிரி.

"இன்னும் கொஞ்சம் திருப்பும்."

திருப்பினேன். அக்கா பிறகு அண்ணையோடுதான் கதைத்தா.

"இது என்ரை கூறைச்சீலையெல்லோ அப்பா."

"ஓம்."

"சண்டைக்குள்ளை ஓடேக்கை விட்டுட்டு வந்தது."

"ஓம்."

"நிறம் அப்பிடியே கிடக்கு."

"மூண்டு வருசம் எடுத்தது" என்றார் அண்ணை.

பாம்பு என் கையைச் சுற்றிக்கொண்டது. அக்கா மூக்கை உறிஞ்சினா.

"பெட்டிக்குப் பூட்டு இருக்கோ?"

"புதுப் பெட்டி வாங்கி ரெண்டு போடுவம்."

"நான் கிட்டப் போகமாட்டன். கண்டியளோ?"

"கிட்டப் போகவேண்டாம்."

"அப்ப கொண்டுவரச் சொல்லுங்கோ."

அடுத்த சனிக்கிழமை அரக்கைத் துணிப் பையில் கட்டி, அதைச் சீலைக் கடைப் பைக்குள் வைத்து, சென்-லசாரில் ரயில் ஏறினேன். அக்கா புட்டு அவித்து வைத்திருந்தா. பாம்பை அறை வாசலில் நின்று பார்த்தா. சரியாக எட்டு அடி தள்ளி. நான் திரும்பும்போதும் அங்கேயே நின்றா. வெறும் பையோடு வந்தேன்.

ஞாயிறு பதினொரு மணி. போன் அடித்தது.

நான் பழக்கத்தில் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பெட்டியில் தண்ணீர்க் கிண்ணம் மட்டும்.

"அண்ணை, அவள் உங்களிட்டையெல்லோ."

"தெரியும். ஜன்னலுக்குக் கிட்ட வா."

போனேன். அண்ணை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். சீலையைப் பார்ப்பது போல. அவசரப்படவில்லை.

"நிறம் குறைஞ்சு கிடக்கு" என்றார். "சாப்பிட்டியோ?"

"ஓம்" என்றேன்.

சாப்பிடவில்லை. போனை வைத்துவிட்டு அரிசி கழுவினேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு பத்தரைக்கே சாப்பிட்டு முடித்து, சேட் மாற்றி, ஜன்னலடியில் நின்றேன்.