ஃபிளாஸ்க் அக்காவின் நாற்பத்து மூன்று கம்பெனிகள்

உழைப்பால் உயர்ந்த உத்தமர்களின் வரலாற்றில் ஃபிளாஸ்க் அக்காவுக்கு நிகராக ஒருவர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கச் சட்டமும் இடம் தராது. வரி ஆலோசகரின் அலுவலகத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் டீ ஊற்றிக்கொண்டே, எங்கோ நடுக்கடல் தீவொன்றில் நாற்பத்து மூன்று கம்பெனிகளுக்கு 'இயக்குநராக' இருந்தவர் அவர். இந்தச் செய்தி அவருக்கே தெரியாது. அப்படி ஓர் அடக்கம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆலோசகர் ஒரு காகிதக் கட்டை நீட்டுவார்.

"என்ன சார் இது?"

"டீத்தூள் வாங்கின ரசீது, அக்கா. சும்மா ஒரு கையெழுத்து."

"இவ்வளவு டீத்தூளா? ஊரே குளிக்கலாம் போலிருக்கே!"

சொல்லிக்கொண்டே போட்டுவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தீவின் ரகசியக் கோப்புகள் செய்தித்தாளில் 'கசிந்தன'. வரி ஏய்த்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் அக்காவுடையது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் ஆலோசகரின் பெயர் அகப்படவில்லை. அவ்வளவு சுத்தமான மனிதர்!

மகள் போனில் அழுதாள். "அம்மா, உன்னை ஏழு வருஷம் உள்ள வச்சிருவாங்களாம்!"

"நான் என்னடி பண்ணேன்?"

"கப்பல் வாங்கியிருக்கியாமே!"

"எனக்குத் தண்ணியப் பாத்தாலே தலை சுத்தும்டி!"

மருமகன் போனைப் பிடுங்கினார். "அத்தை, கப்பல் ஒண்ணா, ரெண்டா?"

மறுநாள் விசாரணை அதிகாரி அலுவலகத்துக்கு எழுந்தருளினார். நேர்மையின் சிகரம். போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர். ஆகவே டீ மட்டும் குடித்தார், மூன்று டம்ளர்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான் சார். ஆனா டீத்தூள்னு சொல்லித்தான்..."

"சட்டத்துக்கு டீத்தூள் தெரியாதும்மா. கையெழுத்து யாரோடதோ, சொத்து அவங்களோடது. கப்பல் ரெண்டு. கடற்கரையில நாலு மாடி பங்களா ஒண்ணு. வரி கட்டலேன்னா ஜெயில்."

ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினாறு வருஷமா எங்க கூட இருந்தவங்க சார். மனசே ஆறல."

அக்கா ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினார்.

"அப்ப அதெல்லாம் நெசமாவே என்னோடதா சார்?"

"சந்தேகமே இல்ல."

"எழுதிக் குடுப்பீங்களா?"

அதிகாரி எழுதினார், முத்திரையும் குத்தினார். அக்கா அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி, பங்களாவ வித்து வரியக் கட்டிடறேன். ஒண்ணாந்தேதிக்குள்ள அங்க இருக்கிறவங்க எல்லாரையும் காலி பண்ணச் சொல்லுங்க."

நாற்காலி பின்னால் உருண்டோட ஆலோசகர் துள்ளி எழுந்தார். "என் வீட்ட விக்க நீங்க யாரு?"

அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினார். "காதுல விழுந்துச்சா சார்? எழுதிக்குங்க."

சட்டத்தின் காவலர் பேனாவைத் திறந்தார். யோசித்தார். மூடினார். பிறகு, பெற்ற தாயிடம் பேசுவதுபோல் குழைந்தார்.

"மத்த மாடியெல்லாம் தாராளமா வித்துக்கோங்கம்மா. மூணாவது மாடிய மட்டும் விட்டுருங்க. அங்க எங்க மாமியார் இருக்காங்க."