டெஸ்டர் அக்கா

பெங்களூரில் கரண்டுக்குப் பயந்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் முதல் ஆள் டெஸ்டர் அக்காதான். அதுவும் ரப்பர் செருப்போடு, மற்றவர்கள் மேலே படாமல் இரண்டடி தள்ளி நிற்பார்.

அப்படிப்பட்டவர் எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு வந்திருந்தார்! வேலை செய்துகொண்டே ஆறு மாதம் கற்கலாம், தினக்கூலியும் உண்டு என்றதும், வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பெண்கள் சேர்ந்தோம். நான் ஆஸ்டின் டவுன். அவர் ஜீவனஹள்ளி.

"இவ்ளோ பயத்தை வச்சுக்கிட்டு ஏன்க்கா இதுக்கு வந்தீங்க?"

"தையல் கிளாஸ்ல சம்பளம் தரமாட்டாங்களாம்டீ."

எதைத் தொட்டாலும் முதலில் டெஸ்டர்; கரண்ட் இருந்தால் அதில் சிவப்பு விளக்கு எரியும். அந்த டெஸ்டர் சரியா என்று பார்க்க இடுப்பில் இன்னொரு டெஸ்டர். காலண்டர் மாட்டிய ஆணியைக்கூட விடமாட்டார். ஒருநாள் டீக்கடையில் ஸ்டீல் டம்ளரில் வைத்துப் பார்த்தார். கடைக்காரர் அரண்டுபோய், "ஏனம்மா இது, என்ன பண்றீங்க?" என்றார்.

"மேல ஒயர் தொங்குது, தெரியல?"

நாங்கள் சிரித்தோம். வைட்ஃபீல்டில் அந்த மத்தியானம் வரைக்கும்.

புதிதாகக் கட்டிய அலுவலகம். இன்னும் விளக்கு மாட்டாத ஹால். கூரையில் ஒயர்கள் நுனி சீவித் தொங்கின.

"மெயின் ஆஃப் பண்ணியாச்சு. ஏறும்மா, பேக பேக, சீக்கிரம்!" என்று விரட்டினார் சூப்பர்வைசர்.

ஏணியில் பாதி ஏறியிருப்பேன். அக்கா என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்குடீ. நான் பார்க்கணும்."

"சும்னே டைம் வேஸ்ட் பண்ணாதம்மா! இன்னைக்கே பயிற்சியிலேருந்து தூக்கிடுவேன்."

"தூக்குங்க சார். ஆனா நான் பார்த்தப்புறம்தான் இவ தொடுவா."

மூன்றாவது படிக்கு மேல் ஏறியே பழக்கமில்லாதவர் ஏறினார். அவர் கால் நடுங்கிய நடுக்கத்தில் நான் பிடித்திருந்த ஏணியே ஆடியது. டெஸ்டரை நீட்டினார்.

சிவப்பாக எரிந்தது.

எங்கள் ஹாலுக்குப் பதிலாகப் பக்கத்து ஹாலின் மெயினை ஆஃப் செய்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் கீழ்த்தளத்துக்கு ஓடினார்.

இறங்கி வந்த அக்கா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார். "ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கே. எவனோ ஆஃப்னு சொன்னா நம்பிடுவியா?"

அவரை யாரும் தூக்கவில்லை. மறுநாளிலிருந்து சூப்பர்வைசரே, "அக்கா பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்களை ஏறச் சொன்னார். ஆறு மாதம் முடிந்து எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. அவருக்கு வைட்ஃபீல்டிலேயே ஒரு அபார்ட்மெண்டில்.

ஏணி ஆடிய அன்று மாலை பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்கும் வரை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அது என் வீடு இருக்கும் ஆஸ்டின் டவுனுக்கு இல்லை, அவருடைய ஜீவனஹள்ளிப் பக்கம் போகிற பஸ் என்று தெரிந்தேதான் நானும் ஏறியிருந்தேன்.