எங்கள் வாசல் கதவுக்கு முகம் தெரியும்

நம் இருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த முகம் என்று ஊர் சொன்னாலும், என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதை ஊரில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கும் என் அருமைத் தங்கைக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே உன் சளி எப்படி இருக்கிறது? அன்றைக்கு வீடியோவில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாயே, கண்ணையும் மூக்கையும் மட்டும் பார்த்து எனக்கு மனசே சரியில்லை. வெந்நீர் குடி. போனில் பேசினால் நடுவில் நீ உன் கதையை ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் பிள்ளைகளின் விவரம், நீயாகக் கேட்கமாட்டாய். மூத்த பேரன் லிப்ட் ரிப்பேர் பரீட்சையில் தேறிவிட்டான். உயர உயரமான கட்டடங்களுக்கெல்லாம் இப்போது அவன்தான் டாக்டர். யாரோ ஒரு பெரிய அதிகாரி இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அழுதாராம், இவன் வெளியே நின்று, "சார், நான் வந்துட்டேன், மூக்கத் துடைச்சுக்கங்க" என்று சொல்லியே வெளியே எடுத்திருக்கிறான். கடைக்குட்டி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் தட்டச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. போட்டிக்கு வந்தவர்களே இரண்டு பேர்தான் என்பதை என் மருமகள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஆனால் மற்ற பிள்ளைகள் இவனுக்குப் பயந்துதான் வரவில்லை. நடுவில் இருக்கிறாளே என் பேத்தி, வாலு, சின்ன வயதில் உன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பிரித்துப் போட்டதற்கு நீ முதுகில் ஒன்று வைத்தாயே, அவள்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம். முகத்தைப் பார்த்துத் தானே திறக்கும் கதவு செய்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமில்லை. அவள் செய்த கதவை ஒரு கட்டடமாவது சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. எந்தக் கட்டடத்தைப் பிடித்தாள் தெரியுமா? எங்கள் கட்டடத்தையே!

இப்போதெல்லாம் பேப்பரில் தொழில்நுட்பப் பக்கம் வந்தால் இந்த வீட்டில் அது முதலில் என் கைக்குத்தான் வரும். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்தான், ஆனால் நடுநடுவே வரும் இங்கிலீஷ் எழுத்துகளைத் தாண்டிக் குதித்துவிட்டால் மீதியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. என் அபிப்பிராயத்தைக் கேள். தானே பெருக்குகிற மெஷின் நல்ல மெஷின், மூலை என்று ஒன்று இருப்பது மட்டும் அதற்கும் என் மருமகளுக்கும் தெரியாது. கையில் கட்டுகிற கடிகாரம் பொல்லாதது. காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறவளைப் பார்த்து எழுந்து நடமாடச் சொல்கிறது. கழற்றி, என் மகன் சாய்ந்து கிடக்கும் சோபாவில் போட்டுவிட்டேன், சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லட்டும். போனுக்கு வருகிற ரகசிய நம்பரை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்கிறார்களே, அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் நன்றாக இருக்கட்டும். மருமகள் கம்ப்யூட்டரில் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தாள், நம்பர் மகன் போனுக்கு வந்தது, அவனோ குளித்துக்கொண்டிருந்தான். "அம்மா, அந்த நம்பரைக் கொஞ்சம் படிம்மா!" என்று உள்ளேயிருந்து கத்தினான். "யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுடா" என்றேன். "ஐயோ, அது என் போனும்மா, நான் உன் பிள்ளைம்மா!" "அப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவாங்கன்னும் பேப்பர்ல போட்டிருக்கு" என்றேன். சோப்பு நுரையோடு ஓடிவந்தான். டிக்கெட் போய்விட்டது. போகட்டும், பாதுகாப்பு இருந்ததா இல்லையா?

கதைக்கு வருகிறேன். கதவை மாட்டிவிட்டு, கட்டடத்தில் குடியிருக்கும் எல்லார் முகத்தையும் பேத்தி ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அதற்குள் பதிந்தாள். பக்கத்திலேயே ஒரு பலகையில் விதிகள். தொப்பி கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது, நமக்குப் பின்னாலேயே யாரையும் உள்ளே விடக்கூடாது. என் மகன் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு எனக்குப் பின்னால் வந்தான், விதி விதிதான் என்று அவன் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினேன். கதவு எல்லாரையும் அடையாளம் கண்டது. என்னைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் யோசித்தது. "புதியவர், காத்திருக்கவும்" என்றது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி, கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய், ஒரு சின்ன வேலை செய்துவிட்டுத் திரும்பினால், உடனே "வணக்கம், பாட்டி" என்று திறந்துவிடும். அது என்ன வேலை என்பது எனக்கும் கதவுக்கும் உள்ள விஷயம். முப்பத்திரண்டு பல்லும் சொந்தமாக வைத்துக்கொண்டு, போன தடவை வந்தபோது கல் மாதிரி இருந்த பிஸ்கட்டைக் கடித்துக்காட்டி, "பார்த்தியா அக்கா, எல்லாம் ஒரிஜினல்!" என்று சொன்ன உனக்கு அதெல்லாம் புரியாது.

கையெழுத்துப் போடுகிற நாளும் வந்தது. வாசலில் கட்டடமே கூடிவிட்டது. பேத்தியின் மேலதிகாரி டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் சங்கத்துத் தலைவி மூன்றாம் மாடி வக்கீலம்மா, அந்த அம்மாளும் தொழில்நுட்பப் பக்கம் படிக்கிறவள்தான், ஆனால் கெட்ட சேதியை மட்டும் படிப்பாள். "மூஞ்சியையெல்லாம் திருடறாங்களாம், நியூஸ்ல வந்திருக்கு" என்றாள். உன் மூஞ்சியை எடுத்துக்கொண்டுபோய் எவன் என்ன செய்யப் போகிறான் என்று நாக்கு நுனி வரை வந்தது, பேத்திக்காக விழுங்கிக்கொண்டேன். வக்கீலம்மா சுற்றிப் பார்த்தாள். "வயசுப் பிள்ளைங்களுக்குத் திறக்கிறதுல என்ன இருக்கு? இருக்கிறதுலயே மூத்தவங்க யாரு? பாட்டி, நீங்க வாங்க. உங்களுக்குத் திறந்தா இப்பவே கையெழுத்து. திறக்கலைன்னா கழட்டிட்டுப் போகட்டும்."

அத்தனை பேருக்கு முன்னால் சுவர்ப் பக்கம் திரும்ப முடியுமா, கைக்குட்டையை எடுக்க முடியுமா? பேத்தி முகத்தைப் பார்த்தேன், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீயும் பார்க்கட்டுமே என்று ஒரு பக்கம், நீ பேசிக்கொண்டிருந்தால் எனக்குப் பயம் தெரியாது என்று ஒரு பக்கம். துண்டும் நீயுமாக வந்தாய். கதவைக் காட்டுவதற்குப் போனில் ஏதோ பொத்தான் இருக்கிறதாம், அதை அமுக்கினால் எதிரில் இருப்பது தெரியுமாம். எதற்கு அதெல்லாம்? போனையே திருப்பிவிட்டால் ஆயிற்று. திருப்பி, முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன். "என்னக்கா இது, ஒத்தைக் கண்ணு மாதிரி கறுப்பா முழிச்சுப் பார்க்குது!" என்று நீ சிரித்தாய், துண்டை எடுத்துவிட்டாய் போல, குரல் பளிச்சென்று வந்தது. அடுத்த நொடி, "வணக்கம், பாட்டி!" படாரென்று திறந்ததடி கதவு! கைதட்டல் என்றால் கைதட்டல். மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வக்கீலம்மா முகம் சுருங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். பேத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "பாட்டி, நீதான் என் வேலையைக் காப்பாத்தின!" என்றாள். ஐந்தாம் வகுப்பு படித்த இந்த முகத்தை அவ்வளவு பெரிய மெஷின் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டது. இதை உன் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படி.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் படிப்பும் உடம்புமாக நிறைந்து இருக்கட்டும். மருமகளை ரொம்ப விரட்டாதே. உன் சளி இந்தக் கடிதம் வந்து சேருமுன் ஓடிப்போகட்டும்.

இப்படிக்கு, கதவுக்கே முகம் தெரிந்த உன் அக்கா.

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், பேத்தி வாங்கிப் படித்தாள். "பாட்டி, இது இப்படியே போகக்கூடாது. செக்யூரிட்டி விஷயத்துல பொய் கூடாது" என்றாள். "எதுடி பொய்?" என்றேன். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். கதவு யாருக்குத் திறந்தாலும் அவர்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அன்றைய படத்தில் நான் இல்லை. ஒரு போன் இருக்கிறது, போனுக்குள் நீ இருக்கிறாய். கதவு திறந்தது உனக்கடி!

இந்த அசடு அன்றைக்கே மேலதிகாரியிடமும் வக்கீலம்மாவிடமும் போய், "என் கதவு போன்ல வந்த மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துபோச்சு" என்று தானே சொல்லியிருக்கிறாள். வக்கீலம்மா கையெழுத்தை அடித்துவிட்டாள். வேலை போயிற்று என்று நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போகவில்லை! மேலதிகாரி, "ஓட்டைய மறைக்கிறவங்கதான் நிறைய. நீ வந்து சொன்ன. நீயே அடைச்சுட்டு வா, அப்புறம் நிரந்தரம்" என்றாராம். என் பேத்தியாக்கும்! அதை அடைப்பதற்குத்தான் இப்போது உன் தயவு வேண்டியிருக்கிறது. உன் முகத்தைக் காட்டினால் இனி திறக்கக்கூடாது, அது வரை அவளுக்குத் தூக்கமில்லை.

இனி எனக்கு மறைக்கவும் ஒன்றும் இல்லை. கதவில் என் முகத்தைப் பதிந்த அன்று என் பல் செட்டு டாக்டரிடம் ரிப்பேருக்குப் போயிருந்தது. ஆமாம், செட்டுதான், மேலும் கீழும். மறுபடி பதிய வேண்டுமென்றால் காரணத்தை வக்கீலம்மாவிடம் சொல்ல வேண்டும், அதற்கு நான் வாசலிலேயே கிடப்பேன். ஆக அந்தக் கதவுக்குத் தெரிந்தது என் பொக்கை வாய் முகம் ஒன்றுதான். கைக்குட்டை வேலை என்னவென்று புரிந்ததா? சிரி, நன்றாகச் சிரி.

சிரித்து முடித்தாயா? இப்போது யோசித்துப் பார். பொக்கை வாய்க்கு மட்டும் திறக்கிற கதவு, முப்பத்திரண்டும் ஒரிஜினல் என்கிற உனக்கு எப்படித் திறந்தது? போனைத் திருப்பியதும், அக்கா பார்க்கவில்லை என்று துண்டை எடுத்தாயே, கதவு பார்த்துக்கொண்டிருந்தது. படம் என் பேத்தியிடம் பத்திரமாக இருக்கிறது. சளியாம் சளி!

உடனே புதிதாக இரண்டு போட்டோ எடு. போனில் அனுப்பாதே, முகத்தைத் திருடுகிறார்களாம், தபாலில் அனுப்பு. பல்லோடு ஒன்று, பல்லில்லாமல் ஒன்று. எது எதுவென்று பின்னால் எழுத வேண்டாம், கதவே சொல்லிவிடும்.