நூறு தடவை சொல்லிக்கொடுத்தது

தாராவி,
14-8-1964.

மேன்மை பொருந்திய அக்கா பேராச்சியம்மாள் அவர்களுக்கு, தம்பி சுடலை கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகள் பூமாரியும் சுகம். தாங்களும் அத்தானும் சுகமாயிருக்க அம்மன் துணை. சுகம் என்று முறைக்காக எழுதினேன், நம்ப வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமை எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அவ அம்மா போன பொறவு பூமாரிக்கு நான் ஒருத்தன்தானே. இருபத்திரண்டு வயசு ஆனாலும் அவ தனியா எப்படி இருப்பா? கருவிலேயே புத்தியில வந்த குறை, மருந்து கிடையாது, ஆனா எதையும் நூறு தடவை செஞ்சு காட்டினா பிடிச்சுக்கிடுவான்னு பெரிய டாக்டர் சொன்னாரு. நானும் ஒரு மாசமா காட்டுதேன். அங்கதான் வில்லங்கம். நான் செய்யுத தப்பையும் சேத்துல்லா பிடிச்சுக்கிடுதா. ஸ்டவ் பத்த வைக்கையில எனக்கு விரல் சுட்டுட்டு, 'ஏ யம்மா'ன்னு கையை உதறினேன். இப்ப அவ ஸ்டவ்வைச் சரியாப் பத்த வச்சு, 'ஏ யம்மா'ன்னு கையை உதறி, பொறவுதான் உலை வைக்கா. சோறு என்னைவிட நல்லாத்தான் வடிக்கா, அது வேற விசயம். ரோடு தாண்டக் காட்டின அன்னைக்குப் பாத்து என் செருப்பு வாரு அறுந்துட்டு, கையில தூக்கிக்கிட்டுத் தாண்டினேன். இவளும் ரெண்டு பக்கமும் பாத்து, ஒத்தச் செருப்பைக் கழத்திக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுதா. டாக்சிக்காரன் எல்லாம் வண்டியை நிப்பாட்டி வழி விடுதான். குழாயடியில நான் ஒரு நாள் சண்டை போட்டுத் தொலைச்சேன். அவ தெனமும் முன்னால நிக்கவங்களை ஒரு தடவை ஏசிட்டுத்தான் தண்ணி பிடிக்கா. பக்கத்து வீட்டு சுலைகாம்மா சிரிக்காவ.

அக்கா, அடுத்த ரயிலுக்கே கெளம்பி வா. நான் கட்டில்ல இருந்து எந்திரிக்காமப் போயிட்டா இந்தப் பிள்ளை என்ன ஆவும்? அதை நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது.

அத்தானுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி சுடலை.

பின்குறிப்பு (25-8-64): பயத்துல இந்தக் காயிதத்தைத் தபால்ல போடவே மறந்துட்டேன், சட்டைப்பையிலேயே இருந்திருக்கு. நீ வர வேண்டாம். சொன்ன நாளைக்கு ரெண்டு நாள் முந்தியே, இன்னைக்கு என்னை வீட்டுக்கு விட்டுட்டாவ. சமையல், தண்ணி, துணி எல்லாம் அவளே பாத்துக்கிட்டான்னு சுலைகாம்மா சொல்லுதாவ. இப்ப அவங்க வீட்டுப் படியில உக்காந்துதான் எழுதுதேன். போகையில, 'அப்பா பத்து நாள் கழிச்சு வருவேன். அதுவரைக்கும் விளக்கு வச்ச பொறவு யார் தட்டினாலும், என் குரல்ல கூப்பிட்டாலும், கதவைத் திறக்காத'ன்னு நூறு தடவை சொல்லியிருந்தேன். பொழுது அடைஞ்சுதான் வந்து சேந்தேன். ஒரு மணி நேரமாத் தட்டிட்டேன், கெஞ்சிட்டேன், அழுதும் பாத்துட்டேன். தையல் இழுக்குது, சிரிப்பும் வருது. இனி நான் இல்லாட்டாலும் என் மவ பொழச்சுக்கிடுவா அக்கா. உள்ள இருந்தே மரியாதையாச் சொல்லுதா: "அப்பா வர இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பொறவு வாங்க."