சைகோன் ஊசி வாலிபர்

நம் ஊரில் ஊசி வாலிபர் என்றோர் இனம் உண்டு. சாயங்காலம் கடற்கரைக்குப் போனால், இடிந்த பாலத்தருகே கூட்டமாகவே பார்க்கலாம். தலைமுடி மையில் முக்கியெடுத்தது, மீசை மெழுகில் நிறுத்தியது, வயிறு பெல்ட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பது. ஐம்பது தாண்டிய முகத்தில் மட்டும் விடலைப் பையனின் பருக்கள். தெரியாத்தனமாக "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தை நீட்டுவார். அமுக்கிப் பார்த்து வியந்த பிறகுதான் விடுதலை.

சந்தேகமிருந்தால் முசியே அருளானந்தத்தைப் பாருங்கள். 'முசியே' என்றால் பிரெஞ்சில் 'ஐயா'. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அங்கே ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது, உடம்பு தேறட்டும் என்று டாக்டர் ஒருவர் ஆண் சுரப்பி மருந்தைக் கொஞ்ச நாள் ஊசியாகப் போட்டார். டெஸ்டோஸ்டெரோன் என்று பெயர். டாக்டர் நிறுத்திவிட்டார், இவர் நிறுத்தவில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று, கவர்னர் கப்பலேறினார், ஊரே இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுத் துறைமுகம் மார்சேயிலிருந்து மச்சான் அனுப்பும் மருந்துப் பார்சல் மட்டும் நிற்கவில்லை.

ஊசி நாள் வீட்டில் திருவிழா. கம்பவுண்டர் முருகையன் ஊசியை வெந்நீரில் கொதிக்கவைக்கும்போதே இவர் மார்பை விரித்து நிற்பார். குத்தியதும் "வுவாலா!", அதாவது "இதோ பார்!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு முழக்கம். ஊருக்குக் காட்டுவது புஜத்தை. ஊசி இறங்குகிற இடம் வேறு. அதை அச்சில் போடுவதற்கில்லை.

இத்தனை ஆண்மை பொங்கி வழிகிற வீட்டில் தொட்டில் ஏன் ஆடவில்லை? நீங்கள் கேட்கலாம். அவரும் கேட்டார், மனைவியைப் பார்த்து. அகஸ்டினா வில்லியனூர் மாதா கோயிலுக்கு வெயிலில் நடந்தாள். யார் எந்த வேரை இடித்துக் கொடுத்தாலும் குடித்தாள். அவருடைய அக்காள் இருதயமேரி மட்டும் அசையவில்லை. "என் தம்பி இரும்பு! கொறை எங்கன்னு பாத்தாலே தெரியலியா?" என்பாள். தன் கடைசி மகனைத் தம்பிக்குத் தத்துக் கொடுப்பது, வீட்டை அவன் பெயருக்கு எழுதுவது, பொங்கல் கழிந்ததும் அகஸ்டினாவைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானமும் செய்துவிட்டாள். கேட்டுக்கொண்டே இரும்பு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது.

அகஸ்டினா அழுது அடம்பிடித்து, ஒரே ஒருமுறை அவரை டாக்டர் பலராமனிடம் இழுத்துப்போனாள். டாக்டர் இருவரையும் சோதித்தார்.

"மதாம் கிட்ட ஒரு கோளாறும் இல்ல, முசியே. கோளாறு உங்க ஊசியிலதான்."

"ஊசியிலயா? அதப் போட்டுத்தானே நான் இப்படி இருக்கேன்!"

"வேளைக்கு வேள ஓட்டல்லேருந்து சோறு வந்துக்கினே இருந்தா, வூட்டுல யாரு அடுப்ப மூட்டுவா? வெளியிலேருந்து மருந்து வந்து கொட்டுது. மூளை பாத்துச்சு, 'வேண்டிய மட்டும் இருக்குதே'ன்னு உங்க சுரப்பிக்கு உத்தரவு போடறதையே நிறுத்திடுச்சு. அது சுருண்டு தூங்குது. புள்ளைக்கு வித்தும் அங்கதான் உண்டாவணும். ஊசிய வுட்டுடுங்க."

"முடியாது!"

"அப்ப கூடவே இன்னொரு ஊசி போடணும். அது போயி தூங்கறத எழுப்பி வேலை வாங்கும். கண்டிப்பா பலிக்கும்னு சொல்லல, பாக்கலாம்."

முசியேயின் முகம் மலர்ந்தது. "பேஷ்! எதுலேருந்து எடுக்கறாங்க? சிங்கமா, காட்டெருமையா?"

"கர்ப்பிணிப் பொம்பளைங்க மூத்திரத்துலேருந்து."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சைகோன் பார்த்தவர், பட்டாளத்தில் பதக்கம் வாங்கியவர், அவர் உடம்பில் அதுவா? அகஸ்டினா கதவை மறித்து நின்றாள்.

"புள்ள வேணும்னு உங்கக்கா கலக்கிக் குடுத்த மாட்டு மூத்திரத்தயே நான் மடக்கு மடக்குன்னு குடிச்சேன். உங்களுக்கு ஊசியில போட்டாக் கசக்குதா?"

டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரும்பு மெல்ல உட்கார்ந்தது.

புது ஊசி நாட்களில் கதவு, சன்னல் எல்லாம் சாத்தப்பட்டன. "வுவாலா" கேட்கவில்லை. வெளியே மூச்சுவிடக் கூடாதென்று முருகையனிடம் பைபிள் மேல் சத்தியம் வாங்கப் பார்த்தார். அவன் முருகன் மேல்தான் செய்வேன் என்றான். பொங்கல் வந்தது, போயிற்று. தத்தும் பத்திரமும் தள்ளிப்போயின. அடுத்த மழைக்காலத்தில் அகஸ்டினா பெண் குழந்தை பெற்றாள்.

ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் முசியே நண்பர்கள் நடுவே சட்டைக் கையைச் சுருட்டி நின்றார். "ஐம்பத்தஞ்சு வயசு! எல்லாம் அந்தச் சைகோன் ஊசி!" குழந்தைக்கு ஞானத்தாய் தான்தான் என்று இருதயமேரி பட்டுச்சேலை சரசரக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அகஸ்டினா குழந்தையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. இவளுக்கு ஞானத்தாய்மாருங்க ஏற்கெனவே எக்கச்சக்கம், எல்லாம் புள்ளத்தாச்சிங்க. ஊரு பேருதான் தெரியல. உங்க தம்பியக் கேளுங்க, சொல்லுவாரு."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி சட்டைக் கையை அவசரமாக இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் சைகோன் பார்த்ததில்லை, ஊசிக்கும் பயந்தவர். ஆனால் வீட்டில் ஏதோ ஒன்று நடக்கவில்லை என்றதும் முதலில் யார் முகத்தைப் பார்த்து "ஏன்?" என்று கேட்டீர்கள்? பதிலை அப்புறம் சொல்லலாம். முதலில் அந்தப் பொத்தானைப் போடுங்கள்.