மூணாம் நாள் ஓட்டம்

ஷைஜா குளியலறைக் கதவைத் தாழிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் ஷூ, கையில் நாப்கின், வெளியே மாமியார்.

"ஏட்டி ஷைஜா, இன்னும் கிரவுண்டுக்குப் போவல்லியா? உள்ள என்ன செய்யித?"

"இன்னா வந்துட்டேன் மாமி."

குரல் நடுங்காமல் வந்ததே பெரிய காரியம். சனிக்கிழமை நாகர்கோவிலில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டாள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த ஓட்டத்தைக் கோட்டைவிட்டால் காக்கி உடுப்பை இனி அடுத்தவர் உடம்பில்தான் பார்க்க வேண்டும். போன வாரமே வந்து போயிருக்க வேண்டிய மாதவிலக்கு, நாளைத் தள்ளிக்கொண்டே வந்து, சரியாக வியாழக்கிழமை காலையில் வந்து நிற்கிறது. சனிக்கிழமை மூன்றாம் நாள்.

மாமியார் தங்கபாயின் வீட்டுச் சட்டம் குலசேகரத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். விலக்கான பெண்ணுக்கு மூன்று நாளும் பின்பக்கச் சாய்ப்பு அறையில் தனிப் பாய், தனித் தட்டு. நல்ல காரியம் எதற்கும் வாசலைத் தாண்டக் கூடாது. ஓடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தங்கபாயின் சித்தி மகள் ஒருத்தி அந்த நாளில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், அதன் பிறகு அவள் பட்ட பாட்டையும், வீட்டுக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் காபியோடு சேர்த்துக் கொடுப்பாள்.

"வயித்துல உள்ளதெல்லாம் எறங்கிப் போவும் பாத்துக்க" என்று முடிப்பாள்.

உண்மையைச் சொன்னால் ஷைஜாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த பி.டி. டீச்சர் சுனிதாவுக்குக் குளியலறையிலிருந்தே போன் போட்டாள்.

"தாராளமா ஓடலாம் ஷைஜா. ரொம்ப வலிச்சா மெதுவா ஓடு. ஓடினா வலி கொறையத்தான் செய்யும்."

பேசிக்கொண்டிருந்தவரை தைரியமாக இருந்தது. போனை வைத்ததும் தைரியமும் போய்விட்டது. ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம். மாமிக்குத் தெரிந்தால்தானே சாய்ப்பு?

அன்று பள்ளி மைதானத்தில் முதல் சுற்றை அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டே ஓடினாள். எதுவும் இறங்கவில்லை. அடுத்த சுற்றில் கையை எடுத்தாள். அப்போதும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு, காலையிலிருந்து இடுப்பைப் பிடித்து முறுக்கிய வலிகூடக் கொஞ்சம் விட்டிருந்தது. அட, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் தங்கபாய் காத்திருந்தாள்.

"மக்கா, நாளைக்கு வெள்ளிக்கிழம. பத்ரகாளி கோயிலுக்குப் போவணும். ஒனக்க ஹால் டிக்கெட்ட அம்மைக்க காலடியில வச்சு எடுப்போம். நீயே ஒனக்க கையால வெளக்கு ஏத்து. பூவும் எண்ணையும் வாங்கி வச்சாச்சு."

ஷைஜா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். மாமியை ஏமாற்றலாம். நாக்கை நீட்டிக்கொண்டு, எட்டுக் கையிலும் ஆயுதத்தோடு நிற்கிற பத்ரகாளியை ஏமாற்ற முடியுமா? அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"கோயிலுக்கு எப்படி மாமி நடக்க? காலு சுளுக்கிட்டு."

"எந்தக் காலு?"

"எடது காலு."

சொல்லிவிட்டு வலது காலை நொண்டிக்கொண்டு உள்ளே போனாள். பாதி வழியில் நினைவு வந்து இடது காலுக்கு மாற்றினாள். தங்கபாய் அந்த நடையை முழுசாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் ஒன்றும் கேட்காததுதான் ஷைஜாவுக்குக் கிலியாக இருந்தது.

போனவள் நாராயணபெருமாள் ஆசானோடு திரும்பி வந்தாள். ஆசான் வர்ம வைத்தியர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே தைல வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். சுளுக்கு எடுப்பதில் அவரை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இல்லாத சுளுக்கை எடுக்க வருகிறாரே என்று ஷைஜா கட்டிலில் ஒடுங்கினாள்.

ஆசான் காலை இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். அதுவரை வலிக்காத கால் அப்போதுதான் வலித்தது.

"சுளுக்கு ஒண்ணையும் காணல்லியே" என்றார்.

ஆசான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கண்ணை மூடினார். தங்கபாய் கதவோரம் நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"தங்கபாயி, இது காலுக்க காரியமில்ல. நாடி ரெண்டாக்கும் அடிக்குது. வயித்துல ஒண்ணு இருக்கு."

அவர் சொன்னது தப்பு என்பதற்கான சாட்சி அந்த நிமிஷமும் ஷைஜாவிடமே இருந்தது. அதை எடுத்துக் காட்டத்தான் முடியாது.

தங்கபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. "நாளு தள்ளிப்போனப்பமே நெனச்சேன்" என்றாள். "மூணு மாசம் தெகையாம வெளிய ஒருத்தருக்கும் சொல்லப்பிடாது. நீ இந்தக் கட்டில விட்டு எறங்கப்பிடாது. கோயிலும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்."

சாய்ப்பில் மூன்று நாள் என்பதற்குப் பயந்து பொய் சொன்னாள். இப்போது கட்டிலில் பத்து மாதம் என்று ஆகிவிட்டது.

அன்று முழுக்கவும் மறுநாளும் ராஜ உபசாரம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கிற உளுந்தங்களி வந்தது. வெந்நீர்ப் பை வந்தது. "வயித்துல வச்சுக்க. புள்ளைக்குக் குளிரப்பிடாது" என்று தங்கபாயே கொண்டுவந்து வைத்தாள். மாமி இப்படிப் பிரியமாகப் பேசப் பேச ஷைஜா போர்வைக்குள் இன்னும் ஒடுங்கினாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இத்தனை ஆசையாக இருப்பவளிடம், பிள்ளையும் இல்லை ஒன்றும் இல்லை, தீட்டோடு உன் அடுக்களையில் புழங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது?

புருஷனிடம் சொன்னாள். அபினேஷ் ரப்பர் ஷீட் கடையில் வேலை பார்ப்பவன். கட்டுக் கட்டாக ஷீட்டைத் தோளில் தூக்கி லாரியில் அடுக்குவான். அம்மா என்றால் மட்டும் கை கால் ஓடாது. முழுவதையும் கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அம்மைட்ட நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நீயாக்கும் போலீசாவப் போற. நீயே சொல்லு. எனக்குக் கடையில லோடு ஏத்தணும்."

லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குக் கடைக்கு விடுமுறை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் விறைத்துப்போய்விட்டது போல் தோன்றியது. நாளைக்கு ஓடவே முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கதவைத் தாழிட்டு, நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கிக் குதித்தாள். தட்டு தட்டென்று சத்தம் வந்தது.

"ஏட்டி, என்ன சத்தம்?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"பின்னால மரத்துல உள்ள சக்கப்பழம் விழுந்துது மாமி."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"செரி. கொஞ்சம் மெதுவா விழச் சொல்லு" என்றாள் தங்கபாய்.

ஷைஜா குதிப்பதை நிறுத்தினாள். மாமி சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டு யோசித்தாள். யோசித்ததில் அடுத்த பொய் பிறந்தது.

"மாமி, நாளைக்கு நாகர்கோவில் போயே ஆவணும். ஓடதுக்கில்ல. கர்ப்பம்னு நேர்ல போய் எழுதிக் குடுத்தா, அடுத்த தடவை ஓட விடுவாங்களாம்."

தனியாகப் போய், ஓடிவிட்டு, பஸ் பிடித்து வந்துவிடலாம் என்பது திட்டம். தங்கபாய் தலையாட்டினாள்.

"கண்டிப்பாப் போவணும். நானும் வாறேன். ஆசானையும் கூட்டிட்டுப் போவோம். அவங்க நம்பாம போனா சாட்சிக்கு ஆளு வேண்டாமா?"

அன்று ராத்திரி ஷைஜா தூங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் டிராக் பேண்டுக்கு மேலே நைட்டியை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். தங்கபாய் ஒருதரம் கீழே கணுக்காலைப் பார்த்தாள். "உள்ள பேண்டு போட்டது நல்லது. காத்து அடிக்கும்" என்றாள். மடியில் ஒரு பை வைத்திருந்தாள். அதில் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு துண்டு கருப்பட்டியும் இருந்தன. ஆசான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து குறட்டை விட்டார். பத்மநாபபுரம் தாண்டியும் ஷைஜாவுக்கு உருப்படியாக ஒரு யோசனையும் வரவில்லை. ஆட்டோ பழுதாக வேண்டும் என்று வேண்டினாள். உடனே பழுதாகிவிடக் கூடாது என்றும் வேண்டினாள்.

மைதானத்து வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த பெண் ஏட்டு உரத்த குரலில் சொன்னார்.

"கர்ப்பமா இருக்கவங்க ஓட முடியாது. அப்படி யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

வரிசைக்கு வெளியே நின்ற ஆசான் தொண்டையைச் செருமினார். ஒரு அடி முன்னால் வைத்தார்.

அந்த ஒரு அடியில் காக்கி உடுப்பு, வயது வரம்பு, விடியலில் எழுந்து ஓடிய அத்தனை நாட்களும் போகப்போவது ஷைஜாவுக்குத் தெரிந்தது. இரண்டு நாளாக அடக்கி வைத்த பயம் மொத்தமும் சத்தமாக வெளியே வந்தது.

"கர்ப்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொன்னது அம்புட்டும் பொய்யி. எனக்கு மாசத் தீட்டு. இன்னைக்கு மூணாம் நாளு. நான் ஓடணும்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஷைஜா மாமியைப் பார்த்தாள். தங்கபாய் அவளைப் பார்க்கவே இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தென்னை மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கல்லாக இருந்தது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று எதிர்த்த டீக்கடைக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான், இனி அந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாது என்று ஷைஜாவுக்குப் பட்டது.

"மூணாம் நாள்னா என்ன? அதுக்கா இவ்வளவு கத்துற?" என்றார் ஏட்டு. "இந்த வரிசையில உன்ன மாதிரி எத்தனையோ பேரு. நைட்டியக் கழத்திட்டு உள்ள போ."

விசில் அடித்ததும் ஓடினாள். மைதானத்தில் எல்லாரும் கோட்டைப் பார்த்து ஓடினார்கள். ஷைஜா பின்னால் மாமி வருவதாக நினைத்து ஓடினாள். முதல் வளைவில் இடுப்பு வலித்தது. அடுத்த வளைவில் வலிக்கக்கூட நேரமில்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் அவள் நிற்கவில்லை. இரண்டு பெண் போலீஸார் குறுக்கே நின்று பிடித்து, "தேறிட்ட, நில்லு" என்று சொல்ல வேண்டியிருந்தது.

தேறிவிட்டாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் பாதி சந்தோஷம். மீதிப் பாதி வாசலுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தது.

வெளியே ஆசான் மட்டும் ஆட்டோவில் சாய்ந்து நின்றார். டீக்கடை பெஞ்சில் தங்கபாயின் முதுகு தெரிந்தது. அங்கே போக ஷைஜாவுக்குக் கால் வரவில்லை.

"தேறிட்டேன் ஆசானே. ஆனா மாமிக்க முகத்துல இனி எப்படி முழிப்பேன்? புள்ள உண்டுன்னு நம்பி அழுதாங்களே. நீங்க நாடி பாத்துச் சொன்னதுனாலதானே இம்புட்டும்?"

ஆசான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாடி என்ன மக்கா நாடி. வாசல்ல நான் முன்னால வந்ததே உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லத்தான். 'கோயிலுக்கு வான்னதும் காலு சுளுக்குதுன்னா எந்தப் பொம்பளைக்குத்தான் வெளங்காது ஆசானே, தெரிஞ்சதாக் காட்டுனா நான் அவள ஒதுக்கி இருத்தணும், ஒதுக்கி இருத்துனா அவ எப்படிப் பரீச்சைக்குப் போவா, நீரு வந்து வயித்துல ஒண்ணு இருக்குன்னு சொல்லிப்போடும், ரெண்டு நாளு நல்லாக் கெடந்து தின்னுட்டுப் போயி ஓடட்டும்'னு என்னைக் குடையில கூட்டிட்டு வந்ததே உனக்க மாமியாக்கும்."