தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்பத்தெட்டு வோல்ட்

"இன்னைக்கும் நின்னுடுச்சா?"

வாசல் கதவைத் திறந்ததுமே டீச்சரம்மா கேட்டுவிட்டாள். டிரைவர் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தார். சாதாரண நாளில் ஒன்று வாசலிலும் ஒன்று கூடத்திலும் கிடக்கும். ஜோடி சேர்ந்தால் மனசு சரியில்லை என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் படித்துக்கொண்ட பாடம் அது.

"அதே எடமா?"

"அதே எடம்தான். தூங்குமூஞ்சி மரத்தடி. சாவியத் திருகுறேன், பெடல மிதிக்கிறேன், ம்ஹூம். அரை மணி நேரம் கழிச்சுத் தானா கெளம்புது."

ஓய்வு பெற்றவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. கேட்டிலிருந்து நூலகம் வரைக்கும் ஏற்றமான பாதை. முட்டி வலிக்காரர்களுக்காக ஒரு பழைய கோல்ஃப் வண்டியை வாங்கிப் போட்டிருந்தார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று பேர். ஒரு காலத்தில் கோல்ஃப் மட்டைகள் நின்ற கூடையில் இப்போது கைத்தடிகளும் குடைகளும் நின்றன. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால், கேட்காமலே அவர் கைக்கு அதன் சாவி வந்து சேர்ந்தது.

"நாளைக்கு சாவிய ஆபீஸ்ல குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எதுக்காம்?"

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். எண்பது பேரை ஏத்திக்கிட்டு மழையில, வெள்ளத்துல போயிருக்கேன். இப்ப ஒரு பொம்மை வண்டி என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. வண்டிக்கு ஒண்ணும் ஆகலம்மா. என் கைதான் போச்சு."

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் உடம்புக்கு வயசானதை ஒப்புக்கொண்டிருக்கிறார். கைக்கு வயசானதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"அரை மணி ஆற விட்டா ஓடுதுன்னா அது கைக் கோளாறு இல்லைங்க, பேட்டரிக் கோளாறு. சோர்ந்து போன பேட்டரி கொஞ்சம் சாஞ்சு எழுந்தா தெம்பாயிடும். சாப்பாட்டுக்கப்பறம் நீங்க இல்லையா? ஒரு வோல்ட் மீட்டர் வச்சா குட்டு வெளிப்பட்டுடும். நான் வைக்கிறேன்."

அவள் உண்மையில் டீச்சர் இல்லை. ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். குடியிருப்புக்கு வந்த முதல் மாதம், "டீச்சர் இல்லைங்க, லேப்" என்று எல்லோரையும் திருத்தினாள். பிறகு வாய் வலித்தது, விட்டுவிட்டாள்.

மின்சாமான் கடையிலிருந்து மீட்டர் வந்தது. தீப்பெட்டி அளவுதான். டீச்சரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, ஒடஞ்சிருக்கா?"

"முள்ளே இல்லைங்க."

"நம்பர்தான் வருமே, முள்ளு எதுக்கு?"

அவள் தேக்குப் பெட்டிக்குள் பித்தளைத் திருகுகளோடு உட்கார்ந்திருந்த பழைய வோல்ட் மீட்டர்களை நினைத்துக்கொண்டாள். முள் நடுங்கி நடுங்கி ஒரு இடத்தில் நிற்கும். அது நிற்கும் வரை முப்பது பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டி நிற்கும் கொட்டகையில் வேலை நடந்தது. வண்டியின் முன் சீட்டைத் தூக்கினால் ஆறு பேட்டரிகள், ஒன்றோடொன்று கைகோத்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் எட்டு வோல்ட். ஆறும் சேர்ந்தால் நாற்பத்தெட்டு. ஒயர்களைச் சீவி, சிவப்பு ஒயரில் ஃப்யூஸ் கோத்து, மீட்டரை முன் பலகையில் பொருத்தி முடிப்பதற்குள் மணி நாலு அடித்துவிட்டது. பயணிகள் வந்து நின்றார்கள்.

"சீக்கிரம் மாட்டுங்க. சிவப்பு பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

டிரைவர் சொன்ன சொல் தட்டாமல் மாட்டினார். திரும்பி வந்த டீச்சரம்மா மீட்டரைப் பார்த்தாள். 8.4.

"யாரும் ஏறாதீங்க!" என்று கத்தினாள். "வண்டியில உசுரே இல்ல! உடனே சார்ஜ் போடணும்!"

சார்ஜர் இருந்தது அலுவலகத்துக்குப் பின்னால், இருநூறு அடி தள்ளி. பல் டாக்டர் தோள் கொடுத்தார். எல்லோருக்கும் சித்தியான டெலிபோன் சித்தி, ஒரு கையில் குடையும் ஒரு கையால் தள்ளலுமாக வந்தாள். மௌனசாமி என்று பெயர் வாங்கியிருந்த மூன்றாமவர் வாய் திறக்காமல் தள்ளினார். ரயில் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் அறிவிப்புச் செய்தவர் அவர். பேச வேண்டியதையெல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டதாக எல்லோரும் சொல்வார்கள்.

சார்ஜரை மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. வயிறு நிறைந்திருக்கிறது, போதும் என்று அர்த்தம்.

டீச்சரம்மா சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பும் கறுப்பும் ஒரே பேட்டரியின் இரண்டு காதிலும் மாட்டியிருந்தன.

"என்னங்க இது? ஆறுல ஒண்ணத்தான் கேட்டிருக்கீங்க!"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு..."

நல்ல வண்டியை இருநூறு அடி தள்ளிய பல் டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆறு பேட்டரிக்கும் சேர்த்து, முதலாவதின் பிளஸ்ஸிலும் கடைசியின் மைனஸ்ஸிலும் அவளே மாட்டினாள். 50.9. டீச்சரம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. ஏற்றம் வந்தது. நம்பர் இறங்க ஆரம்பித்தது. 49.6. 48.3. 47.8.

"நாடி இறங்குதே!" பின்னாலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்த பல் டாக்டர் பதறினார்.

"ஏத்தத்துல இறங்கத்தான் செய்யும் டாக்டர், அப்பறம் ஏறிக்கும்."

யார் கேட்டார்கள்? "நிறுத்து தம்பி, நான் எறங்கிக்கறேன்" என்று சித்தி இறங்கினாள். நம்பர் கொஞ்சம் ஏறியது. சித்திக்குப் பெருமையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அப்ப நான்தான் இத்தனை நாளா பாரமா?"

பல் டாக்டரும் இறங்கினார். மௌனசாமியும் இறங்கினார். வண்டி புருஷன் பெண்சாதியை மட்டும் சுமந்துகொண்டு ஊர்வலம் போல முன்னால் போக, முட்டி வலிக்காரர்கள் மூவரும் பின்னால் நடந்து வந்தார்கள். ஏற்றம் முடிந்ததும் மூவரும் ஏறினார்கள். தூங்குமூஞ்சி மரம் வந்தது. வண்டி நின்றது.

மீட்டர் 50.4 காட்டியது.

டிரைவர் நம்பரைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தானே இருக்கு?"

அவள் மீட்டரை விரலால் சுண்டிப் பார்த்தாள். நம்பர் மாறவில்லை.

"விடுங்க, ஆறட்டும்" என்றார் பல் டாக்டர், காலை நீட்டிக்கொண்டு. "இப்படித்தான் ஒருத்தன். வலது கடவாப்பல்லப் பிடுங்கினேன். இடது பக்கம் ஒண்ணு பாக்கி. வாயில பஞ்சோட எழுந்து ஓடிட்டான். பதினோரு வருஷம் கழிச்சு வந்தான். வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'டாக்டர், பஞ்ச எப்ப எடுக்கலாம்?'"

சித்தி சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்காய்கள் பறந்தன. பிறகு அவள் ஆரம்பித்தாள். அவள் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு மழை நாளில் தப்பான இடத்துக்கு லைன் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு பையன், இந்தப் பக்கம் ஒரு பெண். "தப்பான நம்பர்" என்று வைக்க வேண்டியதுதானே? மூணு நிமிஷம் பேசினார்கள். அடுத்த வாரம் அதே பையன், "அன்னைக்குத் தப்பாக் குடுத்தீங்களே, அதே நம்பர் குடுங்க" என்றான்.

"கல்யாணத்துக்குப் போனீங்களா சித்தி?"

"போகாம? பரிசா ஒரு டெலிபோன் டைரி குடுத்தேன்."

டீச்சரம்மாவும் தன்னையறியாமல் வாயைத் திறந்தாள். முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி ஒயரை மாற்றிக் கொடுத்து, மீட்டரின் முள் வளைந்து போனது. பரீட்சையில் தோற்றது போல அந்தப் பெண் அழுதாள். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி, தன் கொண்டை ஊசியாலேயே முள்ளை நிமிர்த்தி வைத்தாள். "பேராசிரியருக்கு இன்னி வரைக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு இப்ப ஏதோ பெரிய ஆராய்ச்சிக் கூடத்துல இருக்காளாம்."

சொல்லி முடித்தபோது நெஞ்சில் ஏதோ லேசானது. இந்தக் கதையை வீட்டுக்காரரிடம்கூட அவள் சொன்னதில்லை. அவரும் ஸ்டியரிங்கில் சாய்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து அவர் சாவியைத் திருகினார். வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பு ஜோடி சேர்ந்தது.

"பாத்தியா? மீட்டரே சொல்லிடுச்சு. பேட்டரி நல்லாருக்கு. கைதான்."

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தேற்றுவதற்கென்று வைத்த மீட்டர், அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டதே!

நேரடியாக மாட்டியதுதான் தப்பு, சாவி வழியாக மின்சாரம் வந்தால் வண்டியின் உண்மையான நிலவரம் தெரியும் என்று முடிவு செய்தாள். காலையில் பலகையைக் கழற்றி, கொத்தாகக் கிடந்த ஒயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீட்டரின் சிவப்பை இணைத்தாள். அவள் தேர்ந்தெடுத்தது சாவியின் ஒயர் இல்லை. பின்னால் போகும்போது கூவும் கருவியின் ஒயர்.

அன்று நாலு மணிக்கு மீட்டர் இருட்டாக இருந்தது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் கீ கீ என்று கூவிக்கொண்டே நம்பர் வந்தது.

"நம்பர் தெரியாம நான் எப்படி ஓட்டுறது?" என்றார் டிரைவர். இரண்டே நாளில் அவருக்கு அந்த நம்பர் இல்லாமல் கை ஓடவில்லை. "பரவால்ல, ரிவர்ஸ்லயே போறேன்."

ஏற்றம் முழுக்க வண்டி கீ கீ என்று பின்பக்கமாகவே ஏறியது. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. டிரைவர் கழுத்தைத் திருப்பி ஓட்ட, பின் சீட்டுக்காரர்கள் முன்னால் போனார்கள்.

"ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் போற வழியப் பாக்குறேன்!" என்றாள் சித்தி. "எடது பக்கம் ஒடி தம்பி, பூந்தொட்டி வருது!"

பூந்தொட்டி தப்பவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில், பின்பக்கமாகவே வந்தும்கூட, வண்டி நின்றது.

அன்றைக்கு மரத்தடியில் டிரைவர் எந்தக் கதையையும் கேட்கவில்லை. இறங்கிப் போய்த் தனியாக நின்றார். "நாளைக்குக் கடைசி. நூலகத்துல எல்லாரையும் எறக்கிட்டு சாவியக் குடுத்துடறேன்" என்று டீச்சரம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன கைகள். முதன்முதலாக அவருடைய பஸ்ஸில் ஏறிய நாளில் அவள் பார்த்ததும் அந்தக் கைகளைத்தான், முகத்தை அல்ல.

மறுநாள் காலையில் கொட்டகைக்குத் தனியாகப் போனாள். சோடா உப்புக் கரைசலில் பழைய பல் துலக்கியைத் தோய்த்து ஒவ்வொரு பேட்டரியின் முனையையும் தேய்த்தாள். திருகுகளை முடுக்கினாள். ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிப் போய், சாவியின் ஒயரைக் கண்டுபிடித்து, இரண்டு முறை சோதித்து, இணைத்தாள். சாவியைத் திருகினாள். 50.8. அணைத்தாள். இருட்டு. மறுபடி திருகினாள். 50.8. ஆய்வகத்தில்கூட இத்தனை சுத்தமாக அவள் ஒரு வேலை செய்ததில்லை.

நாலு மணிக்கு வண்டி கிளம்பியது. ஏற்றம் வந்தது; 48 வரை இறங்கி, மேலே வந்ததும் நம்பர் ஏறிக்கொண்டது. யாரும் இறங்கவில்லை. தூங்குமூஞ்சி மரம் தெரிந்தது. டீச்சரம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள். டிரைவரின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கின.

மரம் வந்தது. மரம் போயிற்று.

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"ஓடுதும்மா!" என்றார் டிரைவர். பாதையில் ஒரு பூனைகூட இல்லை, ஆனாலும் ஹார்னை அடித்தார். இன்னொரு முறை அடித்தார். முப்பத்தோரு வருஷத்துப் பஸ்காரரின் முதுகு அவருக்குத் திரும்ப வந்திருந்தது. நூலக வாசலில் கோடு கிழித்தது போலக் கொண்டு போய் நிறுத்தினார்.

"அரை மணி மிச்சம்!" என்று டீச்சரம்மா பெருமையோடு பின்னால் திரும்பினாள்.

யாரும் கை தட்டவில்லை. பல் டாக்டர் உம்மென்று இருந்தார். சித்தி குடையை மடியில் வைத்துக்கொண்டு இறங்க மனசில்லாதவள் போல உட்கார்ந்திருந்தாள். டீச்சரம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் பாம்பு வந்த கதையை அவளும் இன்றைக்கென்று வைத்திருந்தாள். அதைச் சொல்ல இடமே வரவில்லை.

"என்ன சித்தி, வண்டி நிக்காம வந்ததுல சந்தோஷம் இல்லையா?"

சித்தியும் பல் டாக்டரும் ஒரே நேரத்தில் மௌனசாமியை முறைத்தார்கள். மௌனசாமி மெல்ல இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருஷம் ஒலிபெருக்கியில் முழங்கிய குரல் வெளியே வந்தது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வண்டி இன்று தாமதமின்றி வந்து சேர்ந்ததற்கு வருந்துகிறோம், மரத்தடி வந்ததும் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சை அணைக்க வேண்டிய முறை இன்று என்னுடையது, மறந்துவிட்டேன்."